அப்பாவுக்குத் தக்க எழுத்து

மரக்காணம்,
8.1.2006, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் ஆரோக்கியசெல்வி எழுதுவது. கடிதத்தில் பெரியவர்களைத் 'தாங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதிப் பார்த்தேன். தாசில்தாருக்கு மனுப் போடுவது போல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு 'நீ' என்றே தொடங்கியிருக்கிறேன். நானும் அப்பாவும் சாப்பாடு தூக்கத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். குவைத்தில் இந்த மாதம் குளிர் கடுமை என்று பேப்பரில் படித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள். கூச்சப்படாதே.

குவைத்திலிருந்து லீவில் வந்த கீழ்புத்துப்பட்டு அண்ணன் உன் பார்சலைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொண்டுவந்து தந்தார். போர்வை, சோப்பு, பால் பவுடர், அப்பாவின் பனியன் எல்லாம் சரியாக இருந்தன. உப்பளத்தில் வரப்பு கட்டும் வேலை முடிந்து அப்பாவோடு கன்னியப்பன் மாமாவும் வந்திருந்தார். துணிக்குள்ளிருந்து அந்தச் சாம்பல் நிறப் பலகையை எடுத்ததும் மாமா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "இது என்னா, ஆள் நின்னா எடை காட்டுற மிஷினா?" என்றார். உன் சீட்டைப் படித்த பிறகுதான் அது புத்தகம் படிக்கிற கருவி என்று தெரிந்தது. நீ வேலை செய்யும் வீட்டுப் பெண் புதிதாக வேறு வாங்கிக்கொண்டு இதை உன் மகளுக்கென்று தந்தாளே, அவளுக்கு என் நன்றியைச் சொல். பெயரைக் கேட்டு எழுது. தனியாக ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே போட்டுப் பார்க்க முடியவில்லை. அதன் பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள். நம் சுவரில் இருப்பது வட்ட ஓட்டைகள். மாமா, "வயர வெட்டு. ரெண்டு தீக்குச்சி வெச்சிச் சொருகுனா வேல முடிஞ்சிது" என்றார். அப்பா பிளக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "எம் பொண்டாட்டி கடல் தாண்டி அனுப்பி இருக்குறா. ஒன் தீக்குச்சிக்கா அனுப்புனா?" என்றார். மறுவாரம் பாண்டிச்சேரி போய் அதற்கென்று ஒரு மாற்று பிளக் வாங்கி வந்தார்.

முதலில் மின்சாரம் ஏற வேண்டும், பிறகு பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிறகு தேதி சொல்ல வேண்டும். எல்லாம் கூட வந்த சின்னப் புத்தகத்தில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். திரைக்கு உள்ளிருந்தே வெளிச்சம் வருகிறது அம்மா. உப்புப் பாத்தியில் புதுத் தண்ணீர் கட்டிய மறுநாள் விடியும் நேரத்தில் தெரியுமே, அந்த மாதிரி. உள்ளே அந்தப் பெண் விட்டுவைத்த நான்கு இங்கிலீஷ் புத்தகங்கள் இருக்கின்றன. மூன்று துப்பறியும் கதைகள், ஒன்று கேக் செய்வது பற்றி. துப்பறியும் கதையில் பன்னிரண்டாம் பக்கத்திலேயே ஒரு வக்கீல் செத்துவிட்டார். நான் ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் போகிறேன், அதனால் கொலைகாரன் இன்னும் சுதந்திரமாக இருக்கிறான்.

அதில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி எழுத்து வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். "டி... ஹெச்... இ" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பக்கம் முழுக்க அப்படியே போனார். பிறகு, "தமிழ்ல வருமா?" என்று கேட்டார்.

இதற்கு மேல் எழுத அப்பாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "அவ பொறப்பட்டு வந்துடக் கூடாது. அத மொதல்ல எழுது" என்றார். எழுதிவிட்டேன். உன் ஒப்பந்தம் முடியும்வரை நீ வரக் கூடாது.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பா கோவிலில் தான் படிக்க வேண்டிய ஞாயிறு பைபிள் வாசகத்தை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார், ஐந்தாறு தடவை. என் உச்சரிப்புக்காக என்று நினைத்திருந்தேன். பார்சல் வருவதற்கு முந்தின வாரம் நான் தவறான பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டேன். மறுநாள் கோவிலில் அப்பா பீடத்துக்கு அருகில் போய் நின்று, புத்தகத்தைத் திறந்து, வழக்கம் போலக் கணீரென்று கிறிஸ்துமஸ் வாசகத்தைப் படித்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது! பங்குச் சாமியார் சிரித்துக்கொண்டே, "சவரிமுத்துவுக்கு அவசரம். பாலன் பொறக்கறதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கம் மாறிவிட்டது என்று நினைத்தார்கள். பூசை முடிந்து புத்தகத்தை மூடி வைக்கப் போனது நான்தான். பக்கம் மாறவில்லை. நாடா வைத்த சரியான பக்கம்தான் திறந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "பால ஊத்துன மாதிரி தெரியுது செல்வி. எழுத்து உள்ள எங்கயோ நீந்துது" என்றார். போன சீசன் கடைசியிலிருந்தே இப்படியாம். கன்னியப்பன் மாமாவுக்கு மட்டும் தெரியும். வரப்பில் நடக்கும்போது தண்ணீர் பக்கம் அவர் நடக்கிறாராம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கண்ணில் புரையாக இருந்தால் ஆபரேஷன் செய்வார்கள், ஒரு மாதத்துக்கு மேல் உப்பளத்துப் பக்கமே போகக் கூடாது என்பார்கள், சீசனில் ஆள் இல்லாத பாத்தியை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்கிறார். "மழ வரட்டும், போலாம்." அடுத்த மழை ஐப்பசியில். அதுவரை இந்தக் கருவி அப்பாவுக்குக் கை கொடுக்குமா என்றுதான் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்ட் அருகில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் புருஷோத்தமன் அண்ணனிடம் கொண்டுபோனேன். தமிழை ஏற்றியதும் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாக வந்தது, பஸ்ஸிலிருந்து பார்த்தால் நம் உப்பளம் தெரிவது போலவே. ஆனாலும் அண்ணன் கைவிடவில்லை. நானும் விடமாட்டேன்.

நீ அழாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் மகள்,
செல்வி


மரக்காணம்,
19.2.2006, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்று அப்பா படித்தார். மனப்பாடமாக இல்லை, கண்ணால் படித்தார்.

எப்படி என்று சொல்கிறேன். புருஷோத்தமன் அண்ணன் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துத் தருகிறவர், அதனால் அவர் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஒருநாள் திடீரென்று, "பாப்பா, இதுக்குத் தமிழ் தெரியாது. ஆனா படம் பாக்கத் தெரியும். தமிழப் படமாக்கிக் குடுத்துடலாம்" என்றார். வாசகத்தை நான் தமிழில் அடிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படமாகச் சேமிக்கிறோம். வயர் மூலம் கருவிக்கு அனுப்புகிறோம். அது தமிழ் என்று தெரியாமலே கருவி அதைக் காட்டுகிறது. ஒரே ஒரு குறை. படமாக இருப்பதால் பெரிதாக்கும் பட்டன் வேலை செய்யாது. அப்பாவுக்கு எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அடிக்கும்போதே அவ்வளவு பெரிதாக அடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் எனக்கு. அதற்குப் பதிலாக அண்ணனின் பத்திரிகைகளில் பிழை பார்த்துத் தருகிறேன். மரக்காணத்தில் தை மாதம் யார் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று என்னைக் கேள், சொல்கிறேன்.

முதல் தடவை ஒரு பக்கத்துக்கு எட்டு வரி வைத்தேன். அப்பா முகத்தருகே பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரிகிறது, ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வெயில்ல உப்பு குவிச்சி வெச்சி அது மேல எழுதுனா மாதிரி இருக்குது" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் புருஷோத்தமன் அண்ணன் வேறு யாரோடோ பேசிக்கொண்டே பக்கங்களைக் கருவிக்கு அனுப்பும்போது எந்த பட்டனையோ தட்டிவிட்டார். பக்கம் முழுக்கக் கறுப்பாகி, எழுத்து வெள்ளையாகிவிட்டது. "அய்யய்யோ, இரு இரு" என்று அவர் சரிசெய்யப் போவதற்குள் மின்சாரம் போய்விட்டது. கருவியில் ஏறியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் முடித்து, "யாரு கறுப்பாப் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, கை தவறிப் பட்டது என்றேன். "அப்ப அந்தத் தப்பையே தெனமும் பண்ணச் சொல்லு" என்றார்.

இன்று கோவிலில் வாசகப் புத்தகத்தைத் திறந்து, நடுவில் கருவியை வைத்துப் படித்தார். புத்தகம் பெரியது, கருவி உள்ளே ஒளிந்துகொண்டது. அப்பா பக்கம் மாற்றும் பட்டனை அழுத்தும்போதெல்லாம் 'டிக்' என்று மைக்கில் கேட்டது. முன் வரிசைப் பிள்ளைகள் பல்லி என்று நினைத்து மேலே மேலே பார்த்தார்கள். நடுவில் ஓரிடத்தில் அப்பா தடுமாறினார். நின்று, திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய்ப் படித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த நாலைந்து மாதமாக அப்பா ஒருமுறைகூடத் தடுமாறியதே இல்லை. மனப்பாடமாகச் சொல்கிறவர் எதற்குத் தடுமாற வேண்டும்?

'இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்காவிட்டால் என்ன' என்று நீ எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். "அவ இன்னிக்கு அப்டித்தான் சொல்லுவா. பொண்ணு பாக்கப் போவறதுக்கு முன்ன, நான் வாசகம் படிச்சதைக் கேட்டுட்டுதான் அவ சரின்னு சொன்னா. கேட்டு எழுது" என்றார். உண்மையா அம்மா? எனக்குச் சொல்லவே இல்லையே.

உப்பளத்தில் பாத்தித் தரையை மிதித்து இறுக்கி முடித்துவிட்டார்கள். இந்த வாரம்தான் முதல் உப்பு பூத்திருக்கிறது. கன்னியப்பன் மாமா வீட்டுக்கு வந்து கருவியைப் பார்த்துவிட்டு, "எஞ் ஜாதகத்தையும் இதுல ஏத்திக் குடு செல்வி. என் யோகம் ஒரு நாளாவது பெருசாத் தெரியட்டும்" என்றார். கூட வந்திருந்த சின்னப்பாப்பா அத்தை புருஷனைப் பார்த்து, "ஏத்து, ஏத்து. ஒண்ணும் இல்லாதது பெருசாத் தெரிஞ்சா எப்டி இருக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றாள். அப்பா அன்று வெகுநேரம் சிரித்தார்.

நீயும் சிரி. வேளைக்குச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள,
செல்வி


மரக்காணம்,
2.4.2006, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழுப் பரீட்சை நெருங்கிவிட்டது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு பக்கத்துக்கு எட்டு வரி என்று எழுதினேன் அல்லவா? மார்ச் தொடக்கத்தில் ஐந்து வரியாக்கினேன். அடுத்த வாரமே மூன்று. அப்பா ஒருமுறைகூடப் பெரிதாக்கு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கருவியை முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறார் என்று பார்ப்பேன். மூக்கு திரையில் முட்டினால் மறுநாள் எழுத்தைக் கூட்டிவிடுவேன். அப்பாவும் கவனித்திருப்பார். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. உப்பு வெளுக்க வெளுக்க அப்பாவின் கண் மங்குகிறது. துண்டைத் தலையில் நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் உப்பு வாரப் போகிறார்.

இந்த நேரத்தில் கருவி செத்துப்போனது. சுவரில் போட்டால் சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. மாற்று பிளக்கைக் கழற்றி மாட்டினேன், வேறு வீட்டில் போட்டுப் பார்த்தேன். மின்சாரம் ஏறவே இல்லை. இருந்த கொஞ்சமும் தீர்ந்து திரை அணைந்துவிட்டது. அண்ணன் தேர்தல் நோட்டீஸ் வேலையில் கழுத்துவரை மூழ்கியிருந்தார், ஞாயிற்றுக்குப் பிறகு வா என்றார்.

அந்தச் சனிக்கிழமை பழையபடி அப்பா என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பத்துத் தடவை படித்தேன். மனதில் நிற்கவில்லை. ஐந்தாறு வாரம் கண்ணால் படித்ததில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஞாயிறு காலை, தொண்டை கட்டிவிட்டது என்று கோவிலில் சொல்லச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். மரக்காணத்தில் இருந்துகொண்டே அப்பா பூசைக்கு வராத ஞாயிறு எனக்கு நினைவு தெரிந்து அதுதான்.

திங்கட்கிழமை அண்ணன் டார்ச் அடித்து மின்சாரம் ஏற்றும் துளைக்குள் பார்த்தார். ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி முழுக்கக் கிரீஸ்! அப்பாவுடைய வேலைதான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமே. உப்புக்காற்று தின்றுவிடும் என்று பூட்டு, கதவுக் கீல், சைக்கிள் செயின், அரிவாள்மணை என்று கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் மாதம் ஒருமுறை கிரீஸ் தடவுவார். நீ அனுப்பியது துருப்பிடிக்கக் கூடாதென்று அதற்கும் கோழி இறகால் தடவிவைத்திருக்கிறார். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏண்ணா, இது என்னா மாட்டு வண்டி அச்சா?" என்று கேட்டார். அப்பா, "வீட்ல இருக்குற இரும்பு எதுவும் இதுவரைக்கும் துரு ஏறல. நீ வேணா வந்து பாரு" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சால் துடைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

ஆனால் அம்மா, ஒரு வாரம் கழித்துத் திரையைப் பார்த்த அப்பாவுக்கு மூன்று வரி போதவில்லை. இரண்டு வரி வைத்தேன். போதவில்லை. நேற்று ஒரு வரி வைத்தேன். ஒரு வரி என்றால் இரண்டு சொல். நீளமான சொல்லாக இருந்தால் ஒன்றுதான். இதற்கு மேல் பெரிதாக்கினால் சொல் திரைக்கு வெளியே போய்விடும். இடம் இல்லை.

வருகிற ஞாயிறு குருத்தோலை. இயேசு பட்ட பாடுகளின் நீண்ட வாசகம். பல வருடங்களாகக் கதை சொல்கிறவர் பகுதியை அப்பாதான் படிக்கிறார். இரண்டிரண்டு சொல்லாக அதை அடித்தால் நூற்றுக்கணக்கான பக்கம் வருகிறது. புதன்கிழமைக்குள் அடித்து முடித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கருவி மடியில் இருக்கிறது, போடவில்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்? எங்களுக்காக வேண்டிக்கொள்.

செல்வி


மரக்காணம்,
23.4.2006, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

உனக்கு உயிர்ப்பு விழா வாழ்த்துகள், ஒரு வாரம் தாமதமாக. போன கடிதம் உன்னை எப்படி வருத்தியிருக்கும் என்று அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். நல்ல செய்தி நிறைய இருக்கிறது. முறையாகவே சொல்கிறேன்.

புதன்கிழமை சொன்னபடி முழுவதையும் அடித்து ஏற்றிவிட்டேன். அப்பா படித்துப் பார்த்தார். இரண்டு சொல், டிக், இரண்டு சொல், டிக். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. பத்து நிமிடம் இருக்கும். கருவியை அணைத்துவிட்டு, "போதும் செல்வி. இது படிக்கிறது இல்ல. கல்லு பொறுக்குறது" என்றார். நான் வேறு வழி யோசிக்கிறேன் என்றேன். "நீ யோசிச்சதெல்லாம் போதும். இனிமே நான் யோசிக்கணும்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு சாமியார் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன், வழிக்காக.

அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிறிஸ்துமஸ் வாசகம், மனப்பாடம், பல்லி, தொண்டை கட்டியது, எல்லாம். சாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பல்லி மட்டும்தான் எனக்குப் புதுசு" என்றார். டிசம்பரில் நாடா வைத்தது அவர்தானே. அப்பா தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். "சவரிமுத்து, இந்த வருஷம் வேற யாரப் படிக்கச் சொல்லலாம்?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். பெண்பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு, பாடுகளின் வாசகமா என்று நானே கேட்டேன். அப்பா, "ரெண்டு மாசமா அத ஒவ்வொரு எழுத்தா அடிச்சது நீதானே. வேற யாரு படிப்பா?" என்றார். எல்லா வாசகத்தையும் சேர்த்துச் சொன்னார் போலும்.

படித்தேன் அம்மா. முதல் பக்கம் எப்படிப் போனதென்று தெரியாது. பிறகு சரியாகிவிட்டது. 'சிலுவையில் அறையும்' என்று கூட்டம் கூச்சல் போடுகிற இடங்களைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும் அல்லவா? இத்தனை வருடம் மேலே நின்று கதை சொன்ன அப்பா இந்த முறை கீழே நின்று கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார். அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியில், "கூட்டத்தோட கத்துறது எவ்ளோ சுலபமா இருக்குது பாரு செல்வி. புத்தகமே வேணாம். அதான் அன்னிக்கி அத்தனை பேரு கத்திட்டானுங்க" என்றார். பகடியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

மறுநாள் சாமியார் தந்த சீட்டோடு பாண்டிச்சேரிக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியிருக்கிறது, இனியும் ஐப்பசிவரை தள்ளக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். இத்தனை நாள் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார். அப்பா கருவியைப் போட்டுக் காட்டினார். டாக்டரம்மா இரண்டு சொல் படித்து, டிக், இன்னும் இரண்டு படித்து, டிக், பிறகு என்னைப் பார்த்து, "கறுப்புல வெள்ளை எழுத்து வைக்கணும்னு உனக்கு யாரு சொன்னாங்க?" என்றார். புரை உள்ள கண்ணுக்கு வெள்ளைத் திரை கூசுமாம். பிரௌசிங் சென்டர் அண்ணனின் கை தவறு என்று சொல்ல நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். ஒரே நாளில் கட்டு அவிழ்த்துவிடுவார்களாம். ஆனால் ஒரு மாதத்துக்குத் தூசி, உப்புத் தண்ணீர், வெயில் எதுவும் ஆகாது. பாத்தி என்ன ஆகும் என்று அப்பா பஸ்ஸில் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தார். கன்னியப்பன் மாமாதான் வந்து சண்டை போட்டார். "நீ மூடிக்கினு படு. ஒன் பாத்திய நானும் சின்னப்பாப்பாவும் வாருறோம். மொதலாளி கேட்டா, சவரி கோயில் வேலையாப் போயிருக்குறான்னு சொல்றேன்." அப்பா, "கோயில் பேர்ல பொய் சொல்லாதடா" என்றார். "சரி, அப்ப நெஜத்தையே சொல்றேன். கண்ணப் புதுசு பண்ணிக்கினு வரப் போறான், இனிமே நீ எடை போடுறத அவன் பாப்பான், ஜாக்கிரதைன்னு சொல்றேன்" என்றார் மாமா. நேற்று இருவரும் போய் முதலாளியைப் பார்த்துவிட்டார்கள். உப்பு தேங்காமல் வாரினால் போதும், ஆள் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாமா எந்தக் காரணத்தைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நீ கிளம்பி வர வேண்டாம். இதை அப்பா சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். பரீட்சை புதனுக்கு முன்பே முடிகிறது. கூட இருக்க நான் இருக்கிறேன். சொட்டு மருந்து ஊற்ற அட்டவணை போட்டுவிட்டேன்.

உன்னிடம் வேறொன்று கேட்க வேண்டும். கேட்பது சரியா என்று தெரியவில்லை. இதை அப்பா இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் உன் கடிதங்களை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அது உனக்கும் தெரியும். அதனால்தான் என்று நினைக்கிறேன், ஜனவரியிலிருந்து உன் கடிதங்களில் அப்பாவுக்கென்று ஒரே வரிதான் வருகிறது. 'அப்பாவைக் கேட்டதாகச் சொல்.' அதை நான் படிக்கும்போது அப்பா இன்னும் ஏதோ வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "அவ்ளோதானா?" என்பார். அவ்வளவுதான் என்பேன். கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்துப் புதுக் கண்ணாடி தருவார்களாம். குவைத்திலிருந்து கடிதம் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கணக்குச் சரியாக வரும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. உறையில் அவர் பெயரை மட்டும் போடு. நான் திறக்க மாட்டேன், கருவியிலும் அடித்து ஏற்ற மாட்டேன். வந்ததும் மாதா படத்துக்குப் பின்னால் அப்படியே வைத்துவிடுவேன். பெரிய எழுத்தில் எழுத வேண்டாம் அம்மா. நீ எப்போதும் எழுதுவது போலப் பொடிப்பொடியாக, தாளின் ஓரம்வரை எழுது.

அன்புடன்,
செல்வி